பால் பொங்க எவ்வளவு நேரம் ஆகும்?

அரை லிட்டர் பால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது, எங்கள் வீட்டுச் சின்ன பர்னரில் நடுத்தரத் தீயில் வைத்தால் பொங்கி வழிய ஆறரை நிமிடம் ஆகிறது. மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை ஆறு நிமிடம் பத்து வினாடி, ஒரு தடவை ஆறு நாற்பது. கையில் போனை வைத்துக்கொண்டு அடுப்பையே முறைத்தபடி நின்ற என்னை அம்மா பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. எதற்காகப் பார்க்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியும்.

சென்ற வருடம் ஜனவரி, பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். மும்பை சயான் கோலிவாடாவில் எங்கள் வீடு. அப்பாவுக்கு 61 வயது, பெஸ்ட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம். முந்தின நாள் ராத்திரி நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றிருக்கிறார், வாயு என்று ஓமத் தண்ணி குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். சர்க்கரை இருக்கிறவர், முப்பது வருடம் பீடி குடித்தவர், அவருக்கு வாயுவாம். சரி, அதைப் பற்றி இப்போது பேசி என்ன.

காலையில் எழுந்து, பல் தேய்த்து, தினத்தந்தியை விரித்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா பாலை அடுப்பில் வைக்கும்போது "சீனி கம்மியா போடு" என்று குரல் கொடுத்திருக்கிறார். அது அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் அம்மா தேங்காய் துருவிக்கொண்டு இருந்திருக்கிறார். ஹாலில் இருந்து குறட்டைச் சத்தம். விடிஞ்சதும் மறுபடி தூக்கமா என்று நினைத்திருக்கிறார். பால் பொங்கி வழிந்து, அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்து, காப்பி கலந்து எடுத்துக்கொண்டு வந்தபோது பேப்பர் தரையில் கிடந்தது, அப்பாவின் உதடு நீலமாக இருந்தது.

"அவிய தூங்குதாவன்னுதான்ல நினைச்சேன்." இதை அம்மா இந்தப் பதினான்கு மாதத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எண்ணி முடியாது.

அது குறட்டை இல்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் மூளையின் அடிப்பகுதி மட்டும் கொஞ்சம் உயிரோடு இருந்து, விட்டு விட்டு இழுக்கிற மூச்சு அது. குறட்டை மாதிரியே இருக்கும், சில சமயம் விக்கல் மாதிரி, மீன் வாயைத் திறந்து மூடுகிற மாதிரி. பக்கத்தில் இருப்பவர்கள் "மூச்சு வருதே" என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவார்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியான மூச்சாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். யாருக்குத்தான் தெரிந்திருந்தது.

அம்மா போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு மராத்திப் பையன் ஓடிவந்தான். அவனுடைய ஆபீஸில் எப்போதோ ஒரு பாதுகாப்புப் பயிற்சி நடத்தி, பொம்மையின் நெஞ்சை அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள். பாதி மறந்துவிட்டது என்று அவனே பிறகு சொன்னான். ஆனாலும் அப்பாவை நாற்காலியிலிருந்து இழுத்துத் தரையில் போட்டு, நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்துவிட்டான். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம், இதுதான் கணக்கு. விலா எலும்பு ஒன்று முறிந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் நிறுத்தவில்லை, நடுவில் அவனுடைய அண்ணன் வந்து கை மாற்றிக்கொண்டார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் இரண்டு ஷாக் கொடுத்தார்கள், இரண்டாவதில் நாடி வந்தது.

இங்கே ஒரு விஷயம், ஏனென்றால் நம் ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்து "ஹார்ட் அட்டாக்" என்றே சொல்கிறோம், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்துக்கொள்வது மாரடைப்பு, அதில் ஆள் வேர்த்து விறுவிறுத்துப் பேசிக்கொண்டேகூட இருப்பார். அந்த அடைப்பால் இதயத்தின் மின்சார ஓட்டம் குழம்பிப்போனால் இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். எங்கள் பில்டிங் தண்ணீர் மோட்டார் சில நாள் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டே நிற்கும், மேலே டேங்குக்கு ஒரு சொட்டு ஏறாது. அந்த மாதிரி. அப்பாவுக்கு முதலாவது நடந்து, அதனால் இரண்டாவது நடந்தது. குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைப்பது ஒரு மணி நேர வேலை, வைத்துவிட்டார்கள். அன்று மத்தியானமே இதய டாக்டர் வெளியே வந்து "ஹார்ட் ஓகே" என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அடுத்த வாக்கியத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்: "மூளை எப்படி என்று இப்போது சொல்ல முடியாது."

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு டாக்டரும் கேட்ட முதல் கேள்வி: எவ்வளவு நேரம்? நெஞ்சை அழுத்த ஆரம்பிக்கும் முன் ரத்த ஓட்டமே இல்லாமல் எவ்வளவு நேரம், அழுத்த ஆரம்பித்ததிலிருந்து நாடி வரும்வரை எவ்வளவு நேரம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டார்கள். இரண்டாவது கணக்கு சுலபம். எதிர் வீட்டுப் பையன் உள்ளே வந்ததும் அவன் அம்மா 108க்குப் போன் அடித்திருக்கிறார், அந்த நேரம் போனில் இருந்தது. ஷாக் கொடுத்த நேரம் ஆம்புலன்ஸ் தாளில் இருந்தது. பதினேழு நிமிடம். நெஞ்சை நன்றாக அழுத்தினால்கூட வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும், ஆனால் அந்தக் கால் பங்குதான் மூளையைப் பிடித்து வைத்திருக்கும் என்றார்கள். முதல் கணக்குக்குத்தான் பால். சீனி கம்மியாகப் போடச் சொன்னவருக்குப் பால் பொங்கும் முன் இதயம் நின்றிருக்கிறது. ஆக, அதிகபட்சம் ஆறரை நிமிடமும் மேடை துடைத்துக் காப்பி கலந்த நேரமும். குறைந்தபட்சம்? குறட்டை எப்போது ஆரம்பித்தது என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. அதற்குமேல் கேட்க எனக்கும் மனசு வரவில்லை.

மூளையின் எடை உடம்பில் நூற்றுக்கு இரண்டு பங்குதான், ஆனால் நாம் இழுக்கிற ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்கிறது. சேமித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்குக் கிடையாது, அன்றாடங்காய்ச்சி. ஓட்டம் நின்ற பத்து இருபது வினாடியில் நினைவு போய்விடும், நான்கைந்து நிமிடத்தில் செல்கள் சாக ஆரம்பிக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி சாவதில்லை என்பது எனக்குப் புதிய செய்தி. புது விஷயங்களை நினைவில் பதிக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி முதலில் அடிபடும், உடம்பின் அசைவைச் சீராக்குகிற சிறுமூளைச் செல்கள் சிலவும் அதே மாதிரி. இன்னொன்று, ரத்தம் திரும்ப ஓடியதும் கேடு நின்றுவிடுவதில்லை. அதற்கப்புறம்தான் வீக்கம், ரசாயனக் குழப்பம் எல்லாம். அடிபட்ட செல்கள் சாவதா பிழைப்பதா என்று முடிவெடுக்க நாள்கணக்கில் ஆகும்.

இதனால்தான் மூன்று நாள் என்கிறார்கள். 72 மணி நேரம் ஆகும் முன்பு, அதுவும் மயக்க மருந்தின் வேகம் முழுவதும் இறங்கும் முன்பு, இனி தேறமாட்டார் என்று யாரும் அடித்துச் சொல்லக் கூடாது. பல நாட்டு வழிமுறைகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன. ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி, லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தபோது, ஒரு டூட்டி டாக்டர், பையனுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும், கண்ணைப் பார்க்காமலே "ஜ்யாதா உம்மீத் மத் ரக்கோ" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டார். பெரிதாக எதிர்பார்க்காதே என்கிறார். அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை, முப்பது மணி நேரமாகத் தூங்காத முகம் அது. ஆனால் அன்று ராத்திரி நான் போய் அக்காவிடம் அதைச் சொன்னேன், அக்கா வள்ளியூர் மாமாவிடம் சொன்னாள், விடிவதற்குள் ஊரில் மூன்று வீட்டில் ஒப்பாரி.

மாமா நல்லவர். ஆனால் யூடியூப் பார்ப்பவர். "தலையில ஐஸ் வைக்கச் சொல்லு மாப்ளே, மேனாட்டுல அதான் செய்யிறாம்" என்று இரண்டு மணிக்கு ஒரு போன். அவர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. 2002இல் வந்த இரண்டு ஆய்வுகளில் உடம்பை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தபோது ஆட்கள் நன்றாகத் தேறினார்கள், அதற்கப்புறம் உலகம் முழுக்கக் குளிர்வித்தார்கள். 2013இல் 33 டிகிரிக்கும் 36 டிகிரிக்கும் வித்தியாசம் இல்லை என்று வந்தது, 2021இல் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டாலே அதே பலன்தான் என்று வந்தது. அதனால் அப்பாவுக்கு ஐஸ் இல்லை, ஆனால் உடம்புச் சூடு 37.5ஐத் தாண்டவிடாமல் மூன்று நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். இதை மாமாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும் போலிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஒன்று நடந்தது. இப்போது மும்பை பஸ்ஸில் டிக்கெட் மெஷின் வந்துவிட்டது, முன்பெல்லாம் கண்டக்டர் கையில் இடுக்கி மாதிரி ஒரு பஞ்ச் இருக்கும். டிக்கெட்டில் ஓட்டை போடாத நேரத்திலும் அதை டிக் டிக் என்று அழுத்திக்கொண்டே கூட்டத்துக்குள் வருவார்கள், சத்தம் கேட்டு ஆட்கள் காசை எடுப்பார்கள். அப்பா வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட வலது கை அப்படிச் சுருங்கி விரியும், ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. அன்று ஐசியூவில் அக்கா உள்ளே போனபோது அப்பாவின் வலது கை விரல்கள் சுருங்கிச் சுருங்கி விரிந்திருக்கின்றன. வெளியே ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு "அப்பா பஞ்ச் அடிக்கிறாருடா" என்று அழுதாள். நானும் போய்ப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

ஐசியூ பொறுப்பு டாக்டரம்மா வந்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் எங்களை உட்காரவைத்து, தானாகத் துடிப்பது வேறு, சொன்னதைக் கேட்டு அசைப்பது வேறு என்றார். ஆக்சிஜன் இல்லாமல் அடிபட்ட மூளையிலிருந்து இந்த மாதிரி வெட்டி இழுப்பது வரும். அது உடம்பு முழுக்க, நிற்காமல் அரை மணி நேரத்துக்கு மேல், முதல் மூன்று நாளுக்குள் வந்தால் கெட்ட அறிகுறிகளில் ஒன்று. ஒரு கை மட்டும், விட்டு விட்டு என்றால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மூளை அலையைப் பதிவுசெய்கிற ஈஈஜி எடுத்துப் பார்க்கலாம் என்றார். எங்களுக்கு அது பஞ்ச். அவருக்கு அது தசைத் துடிப்பு. அவர் சொன்னதுதான் சரி, ஆனால் அப்போது அவரைப் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு சொல்வதில்லை என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். கண்பாவை வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, கருவிழியைத் தொட்டால் இமை மூடுகிறதா, ஈஈஜியில் மூளை அலை எப்படி இருக்கிறது, மணிக்கட்டு நரம்பில் மின்சாரம் கொடுத்தால் அது மூளையின் மேல்தளம் வரை போய்ச் சேருகிறதா, நரம்புச் செல் உடைந்தால் ரத்தத்தில் கூடுகிற ஒரு புரதத்தின் அளவு, சிடி அல்லது எம்ஆர்ஐ படம். மூன்று நாள் கழித்தும் ஆள் சுயநினைவு இல்லாமல் கிடந்து, இவற்றில் குறைந்தது இரண்டு சோதனையாவது மோசமாக இருந்தால்தான் தேறும் வாய்ப்பு மிகக் குறைவு என்கிறார்கள். ஒன்று மோசம், ஒன்று நல்லது என்றால் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. தேறமாட்டார் என்று சொல்லி வென்டிலேட்டரை எடுத்துவிட்டால் அவர் தேறத்தான் மாட்டார், சொன்னது பலித்த மாதிரி ஆகிவிடும். நம் ஊரில் டாக்டர் சொல்கிறாரோ இல்லையோ, பில் சொல்லிவிடும். பக்கத்துப் படுக்கை ஆளை, அவருக்கு என்ன வியாதியோ தெரியாது, நான்காம் நாள் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மகன் என்னைவிடச் சின்னவன். அவனிடம் பேச எனக்கு வார்த்தை வரவில்லை.

மும்பையில் இந்த மாதிரி நேரத்தில் யாராவது ஒருவர் அருணா ஷான்பாக் பெயரைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். எங்களுக்கு அப்பாவின் பழைய டிப்போ நண்பர் ஒருவர் சொன்னார். பரேல் கேஇஎம் ஆஸ்பத்திரி நர்ஸ், 1973இல் தாக்கப்பட்டு, கழுத்து நெரிபட்டதில் மூளைக்கு ஆக்சிஜன் போகாமல், 2015 மே மாதம் இறக்கும்வரை ஏறக்குறைய 42 வருடம் அதே ஆஸ்பத்திரியில் கிடந்தவர். கேஇஎம் நர்ஸ்கள் கடைசிவரை பார்த்துக்கொண்டார்கள். 2011இல் அவர் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், உயிரைப் பிடித்து வைத்திருக்கிற சிகிச்சையை நிறுத்துவது பற்றி முதல் தடவையாக வழி சொன்னது, அவருக்கு நிறுத்த அனுமதிக்கவில்லை. 2018இல் அதை இன்னும் தெளிவாக்கினார்கள், 2023இல் நடைமுறையைக் கொஞ்சம் சுலபமாக்கினார்கள்.

நண்பர் நல்ல மனசோடு சொன்னதுதான், ஆனால் எங்கள் வீட்டில் அதற்கப்புறம் "கோமா", "மூளைச்சாவு", "வெஜிடபிள்" மூன்றும் ஒன்றாகிவிட்டன. மூன்றும் ஒன்றில்லை. மூளைச்சாவு என்றால் உறுப்பு மாற்றுச் சட்டப்படி மரணம், அதற்குத் தனிச் சோதனைகள் உண்டு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை செய்வார்கள், அதிலிருந்து யாரும் திரும்புவதில்லை. கோமா என்பது கண்ணே திறக்காத நிலை, அது பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் நீடிக்காது, ஒன்று விழிப்பார், அல்லது இறப்பார், அல்லது கண் திறந்திருக்கும் ஆனால் உள்ளே ஆள் இருக்கிற அடையாளம் இல்லாத நிலைக்குப் போவார். அருணா இருந்தது அந்த மூன்றாவது மாதிரி. விபத்தில் தலையில் அடிபட்டு அந்த நிலைக்குப் போனவர்களைவிட இதயம் நின்று போனவர்களுக்குத் திரும்பும் வாய்ப்பு குறைவு, மூன்று மாதம் தாண்டினால் மிகவும் அரிது. இதைக் கூட்டிக் குறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நல்லது என்று நினைக்கிறேன், ஏனென்றால் நெட்டில் தேடினால் பத்து வருடம் கழித்து எழுந்து உட்கார்ந்தவர் கதைதான் முதலில் வருகிறது.

அப்பா ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்தார். கண் திறந்ததற்கு நாங்கள் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தோம், டாக்டரம்மா மட்டும் பார்வை நம் பின்னாலேயே வருகிறதா, சொன்னதைச் செய்கிறாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாம் நாள் ஒரு மலையாளி நர்ஸ் "அச்சா, ரெண்டு விரல் காணிக்கூ" என்றார். அப்பா காட்டினார். இரண்டு விரல், சரியாக. அதுதான் நாள். கண் திறந்தது இல்லை, இதுதான். டியூப் எடுத்தபிறகு முதலில் பேசியது அம்மாவிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. டிரிப் மாற்ற வந்த வார்டு பையனைப் பார்த்து, கரகர குரலில், "சுட்டே பைசே த்யா" என்றார். சில்லறை கொடு என்கிறார். வார்டே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

கதை இதோடு முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இங்கேதான் நாங்கள் பெரிய தப்பு செய்தோம். முதல் மூன்று நாள், யாராலும் பதில் சொல்ல முடியாத நேரத்தில், மணிக்கொரு தடவை "மூளை எப்படி இருக்கு" என்று கேட்டோம். வீட்டுக்கு வந்தபிறகு, கேட்டால் பதில் கிடைக்கிற நேரத்தில், நான்கு மாதம் கேட்கவே இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி ஆறு பக்கம். ஸ்டென்டின் நீளம் அகலம் வரை இருந்தது, இதயம் தள்ளுகிற சதவீதம் 40 என்று இருந்தது, ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, உப்பைக் குறை, மூன்று மாதம் கழித்து எக்கோ எடு. மூளை என்ற வார்த்தை ஒரே இடத்தில்: "நரம்பியல் ரீதியாகத் தேறிவிட்டார்." அவர்கள் கணக்கில் அது சரிதான். நடக்கிறார், பேசுகிறார், தானே சாப்பிடுகிறார்.

வீட்டில் அப்பா "சாப்டாச்சா?" என்று கேட்பார், "ஆச்சு, நீங்களும் சாப்டாச்சு" என்றால் தலையாட்டுவார், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. சயானில் ஏறினால் கிங்ஸ் சர்க்கிள், தாதர் டிடி, ஹிந்த்மாதா, பரேல், லால்பாக், பைகுல்லா, ஜேஜே, கிராஃபோர்ட் மார்க்கெட் என்று ஒரு ஸ்டாப் தப்பாமல் சொல்வார், மழைக்கு ஹிந்த்மாதாவில் முதலில் எந்தப் பக்கம் தண்ணி ஏறும் என்பதுகூட. காலையில் வந்துபோன அக்காவைத் தெரியாது, அதாவது வந்தது தெரியாது. குளிக்கப் போகச் சொன்னால்தான் போவார், இல்லாவிட்டால் மத்தியானம் வரை உட்கார்ந்தே இருப்பார். பதினோரு மணிக்கெல்லாம் களைத்துப்போய்ப் படுத்துவிடுவார். டிவியும் ஓடி நாங்களும் பேசினால் எரிந்து விழுவார். காப்பி டம்ளரைக் கையில் எடுத்தால், எடுக்கிற அந்த நேரத்தில் மட்டும், கை வெட்டி வெட்டி ஆடிச் சட்டையெல்லாம் காப்பி.

நாங்கள் இதற்கெல்லாம் பெயர் வைத்தோம். வயசு. சோம்பேறித்தனம். வீம்பு. "வேணும்னே பண்றார்" என்று நானே ஒருநாள் சொன்னேன், அவர் காதில் விழும்படி.

நான்காவது மாதம் அக்காவின் தோழி ஒருத்தி, பிசியோதெரபிஸ்ட், வீட்டுக்கு வந்து டம்ளர் ஆடுவதைப் பார்த்துவிட்டு ஏன் இன்னும் நியூராலஜிஸ்டிடம் காட்டவில்லை என்று சத்தம் போட்டாள். போனோம். கடியாரம் வரையச் சொன்னார்கள், எண்கள் சரியாக இருந்தன, முள் இரண்டும் தப்பு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள், 93, 86, 79, 72, 65 என்று சீட்டு கிழிக்கிற வேகத்தில் சொன்னார், எதிரே இருந்த பெண்ணே நிமிர்ந்து பார்த்தார். ஐந்து வார்த்தை சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டார்கள். "என்ன வார்த்தை?" என்றார் அப்பா. மறந்துபோனது மட்டும் இல்லை, வார்த்தைகள் சொன்னார்கள் என்பதே இல்லை. முதலில் ஹிந்தியில் செய்தார்கள், நான் கேட்டுக்கொண்டதால் இன்னொரு நாள் தமிழ்த் தாளில் செய்தார்கள், மிருகங்களின் பெயர் சொல்லும் பகுதியில் மார்க் நன்றாகவே ஏறியது. ஐந்து வார்த்தை எந்த மொழியிலும் வரவில்லை. ஆனால் தாய்மொழியில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள், ஹிந்தி வராததையெல்லாம் மூளைக்கோளாறு கணக்கில் எழுதிவிடுவார்கள்.

கை ஆடுவதற்கு ஒரு பெயர் இருந்தது, 1963லேயே லான்ஸ், ஆடம்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதிவைத்தது. இதயம் நின்று பிழைத்தவர்களில் சிலருக்கு, நினைவு திரும்பிய பிறகு, ஒரு காரியம் செய்யக் கையை நீட்டும்போது மட்டும் வருகிற வெட்டிழுப்பு. வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரைகளே இதற்கும். லெவெடிரசெட்டம் கொடுத்தார்கள், பத்து நாளில் முக்கால் டம்ளர் காப்பி சிந்தாமல் வாய்க்குப் போனது, ஆனால் மனுஷன் யாரைப் பார்த்தாலும் சீறினார். அந்த மாத்திரைக்கு எரிச்சல் ஒரு பக்கவிளைவு என்று டாக்டரிடம் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அளவைக் குறைத்து வேறொன்றைச் சேர்த்தார். இப்போது அரை டம்ளர். அரை டம்ளராக இரண்டு தடவை குடிக்கிறார்.

நினைவுக்கு மாத்திரை இல்லை. அங்கே இருந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குகிறவர், நினைவுபடுத்திப் பார் என்று அவரைப் போட்டு அழுத்தாதீர்கள், மூளைக்கு வெளியே எழுதிவையுங்கள், பழைய பழக்கம் எது கையில் மிச்சம் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். டைரி வாங்கிக் கொடுத்தோம், தொடவில்லை. போனில் அலாரம் வைத்தோம், அணைத்துவிட்டு எதற்கு அடித்தது என்று கேட்டார். அம்மாவுக்குத்தான் தோன்றியது. கண்டக்டர்கள் ஒவ்வொரு டிரிப்பிலும் எந்த நம்பர் டிக்கெட்டில் ஆரம்பித்து எதில் முடித்தோம் என்று எழுதுகிற தாள் உண்டு, வே பில். அம்மா ஒரு நீள நோட்டில் அதே மாதிரி கோடு போட்டு அப்பா முன்னால் வைத்தார். அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். யாரும் சொல்லித்தரவில்லை. 7.10, மாத்திரை. 7.40, குளியல். 8.15, இட்லி 4. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ஒரு கோடு கிழிப்பார், முடிந்தது என்று அர்த்தம். "சாப்டாச்சா?" என்று கேட்க வாயைத் திறப்பவர், நோட்டைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வார். அவருடைய எழுத்து இவ்வளவு அழகு என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதனால் நினைவு திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். இந்த மாதிரி பாதிப்பில் தேற்றம் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் வேகமாக நடக்கும், அதற்கப்புறம் ஒரு வருடம் வரை மெதுவாக என்கிறார்கள். எங்கள் வேகமான மூன்று மாதத்தை நாங்கள் வீம்பு என்று சொல்லியே கழித்துவிட்டோம். அப்போதே பயிற்சி ஆரம்பித்திருந்தால் இதைவிட மேலாக இருந்திருப்பாரா என்று நியூராலஜிஸ்டிடம் கேட்டேன், அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள் என்றார். விடமுடியவில்லை. ஆகவே உங்கள் வீட்டில் யாராவது இப்படித் திரும்பி வந்திருந்தால், இதய டாக்டர் ஓகே என்று சொன்னாலும், நடக்கிறார் பேசுகிறார் என்றாலும், நினைவும் கவனமும் எப்படி இருக்கின்றன என்று ஒரு தடவை சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அரை மணி நேரச் சோதனை. களைப்பையும் சொல்லுங்கள், சாயங்காலம் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக வரச் சொல்லுங்கள், பத்துப் பேராக வரவேண்டாம்.

அம்மாவைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா ராத்திரி நிஜமாகவே குறட்டை விடுவார், எப்போதும் விடுபவர்தான். இப்போது குறட்டை ஆரம்பித்ததும் அம்மா எழுந்து அவரை உலுக்குகிறார். குறட்டை நின்றாலும் எழுந்து உலுக்குகிறார். அப்பா திட்டுவார், அம்மா "சும்மாத்தான்" என்று படுப்பார். இப்படியே எட்டு மாதம். கண் முன்னால் ஒருவர் விழுந்ததைப் பார்த்தவர்களுக்கும் சிகிச்சை வேண்டியிருக்கும் என்று அந்தத் தெரபிஸ்ட்தான் சொன்னார். அம்மா போகமாட்டேன் என்றார். அப்புறம் ஒரு தடவை போனார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை, திரும்பி வரும்போது மாட்டுங்காவில் இறங்கிக் கறிவேப்பிலை வாங்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

போன மாதம் எங்கள் சொசைட்டி ஹாலில் நெஞ்சழுத்தப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தோம். எதிர் வீட்டுப் பையன்தான் முன்னால் நின்றான். வாயோடு வாய் வைத்து ஊதுகிற வேலை இல்லாமல் வெறும் கையால் அழுத்துகிற முறை, யாரும் கற்றுக்கொள்ளலாம். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பொம்மைக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். முதலில் ஆழம் போதவில்லை, முழங்கையை மடக்காமல் உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்துங்கள் என்றதும் பொம்மை கிளிக் கிளிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அப்பா பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே, சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தார். வலது கை தொடைமேல் சுருங்கிச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. நூற்றுப் பத்தில் அம்மா மூச்சு வாங்கி நிறுத்தினார். "நிப்பாட்டாத, இன்னும் ஸ்டாப் வரல" என்றார் அப்பா.

மறுநாள் கேட்டேன், நேற்று ஹாலில் என்னப்பா நடந்தது என்று. தெரியவில்லை. நோட்டைப் புரட்டினார். 5.30, ஹால், பொம்மை, 110. எதிரில் கோடு கிழித்திருந்தது.